ராக்கெட் வாசலில் புற்றுமண்

எங்கள் வீட்டில் யாரும் தனியாக எங்கேயும் போய்விட முடியாது. பல் பிடுங்கப் போனாலும் கூட இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் துணைக்கு, இன்னொருவர் அந்தத் துணைக்குத் துணை. சங்கரன்கோவிலுக்கு வாக்கப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் எனக்கு இது பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. போன மே மாதம் ராக்கெட் நிலையம் பார்க்கப் போன அன்று, இனிமேலும் பழகாது என்று தெரிந்துவிட்டது.

கேட்டது என் மகள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை இல்லை அவள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால்கூட எது எடுத்தாலும் சரி என்று ஒதுங்கி நிற்பாள். அப்படிப்பட்டவள், ஒரு நாள் நான் மருந்துக்கடை வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லீவுக்கு எங்கேயாவது கூட்டிப் போவதாக இருந்தால், திருவனந்தபுரத்துப் பக்கம் கடற்கரையில் ஒரு விண்வெளி நிலையம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்றாள். ராக்கெட் பார்க்கவா என்றேன். ராக்கெட்டைத்தான் வீடியோவில் நிறையப் பார்த்தாயிற்றே என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அங்க வேலை பாக்குத பொம்பள ஆளு யாராவது இருந்தா, நீங்க எந்த ஊரு, என்ன படிச்சு இங்க வந்தீங்கன்னு கேக்கணும்மா. அது மட்டுந்தான்.”

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் அப்படி ஒரு நினைப்பில் இருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அவளுக்கு வாய் வராது என்பதும் எனக்குத் தெரியும். பதில் தெரிந்தாலும் வகுப்பில் கையைத் தூக்க மாட்டாள் என்று அவளுடைய டீச்சர் பல தடவை சொல்லியிருக்கிறார். அதனால் நான் பக்கத்திலேயே நின்று, தேவைப்பட்டால் முழங்கையால் இடித்தாவது, அந்த ஒரு கேள்வியைக் கேட்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ்ஸில் போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். இன்டர்நெட்டில் பார்த்து, பார்வையாளர் அனுமதிக்கு நானே பதிவு செய்தேன். மத்தியானத்துக்கு முன்னால் போய்விட வேண்டும், பிந்தினால் உள்ளே விட மாட்டார்கள் என்பதையும் விசாரித்து வைத்தேன். இவ்வளவையும் முடித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், அந்தச் சத்தத்தில் பாதி காதில் விழுந்தும் விழாமலும் தலையாட்டினார். அன்று சாயங்காலமே அடுத்த தெருவில் இருக்கிற அவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் மதினி வந்து, வேன் பேசியாகிவிட்டது, சாப்பாட்டுக்குப் புளியோதரை கிண்டிவிடலாம், வருகிற வழியில் கடலில் குளித்துவிட்டும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பதிவில் பெயர்களைச் சேர்க்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டார்கள்.

மதினியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கெட்ட மனசு கிடையாது. கெட்ட மனசாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, ராத்திரி பூரா அழுவாள். நான் வேலை பார்க்கிற கடையிலிருந்தே களிம்பு வாங்கி வந்து வேளை தவறாமல் போட்டேன். மதினி கோயிலிலிருந்து புற்றுமண் எடுத்து வந்து, தண்ணீரில் குழைத்து அவளுக்குப் பூசினாள். எங்கள் ஊரில் புற்றுமண் என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். நெற்றியில் இடுவார்கள், சொறி சிரங்குக்குப் பூசுவார்கள், துளி எடுத்து வாயிலும் போட்டுக்கொள்வார்கள். தடிப்பு போய்விட்டது. அதிலிருந்து மதினியைப் பொறுத்தவரை என் மகள் அந்த மண் கொடுத்த பிள்ளை. களிம்பைப் பற்றி நான் ஒருமுறை பேச்செடுத்தேன். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது என்று சொல்லிவிட்டாள்.

இருட்டு விலகுவதற்கு முன்னால் கிளம்பினோம். நான், இவர், மகள், மதினி, மதினி வீட்டுக்காரர், வேன் ஓட்டுகிற கடையநல்லூர்த் தம்பி. மதினி வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். வேன் கிளம்பியதிலிருந்து அவர் போன் ஓயவில்லை. மல்லி என்ன விலைக்குப் போகிறது, பிச்சி வரத்து எப்படி என்று தென்காசி வரைக்கும் ஏலம் எங்கள் வேனுக்குள்ளேதான் நடந்தது. இதற்கு நடுவில் புளியங்குடியில் இறங்கி எலுமிச்சம்பழம் வாங்கினார். நூறு மைல் தள்ளிப் போகிற இடத்தில் எலுமிச்சம்பழம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, சல்லிசாகக் கிடைக்கிறதே என்றார்.

குற்றாலம் வளைவு வந்தபோது, இங்கே இறங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். நினைத்தது நடந்தது. கோடை மழைக்கு அருவியில் தண்ணீர் விழுகிறதாம், தலையை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிடலாம் என்றார் இவர். தலையை மட்டும் நனைத்துவிட்டு வந்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் மகளும் வேனை விட்டு இறங்கவில்லை. அவள் என் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். ஈரத் துண்டோடு மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வந்து ஏறியபோது, வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆரியங்காவு மலைப்பாதை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டோம். கடைசி ஆட்களை உள்ளே விட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்றதால், எங்களையும் பைகளையும் மொத்தமாக இறக்கிவிட்டு டிரைவர் தம்பி வேனை எங்கேயோ தள்ளிக் கொண்டுபோனான். மகள் முடியைச் சரி செய்துகொண்டாள். உதடு லேசாக அசைந்தது. கேள்வியைத்தான் சொல்லிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷம் காலையிலிருந்து பட்ட எரிச்சல் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் போல இருந்தது.

வாசலில் பைகளைச் சோதித்தார்கள். முதலில் என் பை. காவலர் உள்ளே கைவிட்டு, தினசரித் தாளில் மடித்து நூல் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். நான் வைத்தது இல்லை. பிரித்தால் பழுப்பாகப் பொடி. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி மதினியைப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் இருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலர் வடக்கத்திக்காரர். அவருக்கு உதவியாக மலையாளம் பேசுகிற ஒருவர் நின்றார். கோயில் மண், பிரசாதம் என்று சொன்னேன். மண் என்பது மலையாளக்காரருக்கு நன்றாகவே விளங்கியது. சரி என்று தலையசைத்து அடுத்த பையை எடுத்தார்கள். அதிலும் ஒரு பொட்டலம். சாப்பாட்டுப் பையில் ஒன்று. இவருடைய தோள்பையில் ஒன்று. ஈரத் துணி வைத்திருந்த பையில் ஒன்று. அண்ணாச்சியின் எலுமிச்சம்பழப் பையில் ஒன்று. கடைசியாக என் மகளின் சின்னப் பையில், பேனா வைக்கிற இடத்தில் ஒன்று. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி நூல் சுற்றியது. மேஜையில் வரிசையாக வைத்தபோது எனக்கே பார்க்கச் சந்தேகமாக இருந்தது.

ஒரு பொட்டலம் என்றால் பிரசாதம். எல்லாப் பையிலும் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தால் ராக்கெட் நிலைய வாசலில் அதற்கு என்ன பெயர்? காவலர் முகம் மாறிவிட்டது. உள்ளேயிருந்து ஓர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். விளக்கிச் சொல்கிறேன் என்று அண்ணாச்சி முன்னால் போய், பாம்புப் புற்றிலிருந்து எடுத்தது என்றார். மலையாளக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார். நிலைமையைச் சரி செய்வதாக நினைத்து மதினி ஒரு பொட்டலத்திலிருந்து விரல் நுனியில் எடுத்து நாக்கில் போட்டு விழுங்கிக் காட்டினாள். அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மரியாதையான மனிதர்தான். சத்தம் போடவில்லை. என்ன பொடி என்று தெரியாததை உள்ளே விட முடியாது, பை வைக்கிற அறையிலும் வாங்க மாட்டார்கள், குப்பைத்தொட்டி அங்கே இருக்கிறது, போட்டுவிட்டு வந்தால் இப்போதே போகலாம் என்றார். கதவு சாத்த நேரமாகிறது என்பதையும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்த அளவுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

குப்பைத்தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. யாரும் நகரவில்லை. மதினி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். மரத்தடியில் கொட்டலாமா என்று அண்ணாச்சி கேட்டார். வளாகத்தில் எதையும் கொட்டக் கூடாது என்றார்கள். வேனில் வைத்துவிடலாம் என்று இவர் டிரைவர் தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. விடியலுக்கு முன் எழுந்து ஓட்டியவன், தூங்கிப்போயிருப்பான். கடைசியில் நானே பொட்டலங்களை வாரி எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். வாழைப்பழத் தோலும் ஐஸ்கிரீம் குச்சியும் கிடந்தன. கை வரவில்லை. களிம்பை நம்புகிறவள் நான், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், அத்தனை கோபத்தில் இருந்தேன், ஆனாலும் கை வரவில்லை. அந்தக் கோயில் இருக்கிற ஊரில் வாழ்கிறவளுக்கு அது வராது. அதே கையோடு திரும்பி வந்தேன்.

அப்படியானால் ஒருவர் இதை வைத்துக்கொண்டு வெளியே இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று மதினி உடனே சொல்லிவிட்டாள். பாஷை தெரியாத இடத்தில் அக்காவைத் தனியாக விடுவதா என்றார் இவர். மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். இவர் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. துணைக்குத் துணை இருக்க வேண்டும் என்றால் எங்கள் வீட்டில் அது யார் என்று பேசி முடிவு செய்கிற வழக்கம் இல்லை.

நான் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும், பக்கத்தில் நின்று கேட்க வையுங்கள் என்று சொன்னேன்.

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ பையப் பாத்துக்கோ” என்றார்.

மகள் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் கையை அசைத்தேன். வேறென்ன செய்ய.

சாலைக்கு அந்தப் பக்கம் இளநீர்க் கடை இருந்தது. அதன் நிழலில் பைகளைச் சுற்றிவைத்துக்கொண்டு நானும் மதினியும் உட்கார்ந்தோம். மரங்களுக்குப் பின்னால் கடல் சத்தம் கேட்டது. கடல் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் நாங்கள் நுழைந்திருக்க வேண்டிய கதவை ஒரு காவலர் இழுத்துச் சாத்தினார். ஒரு பிள்ளை பதினைந்து வயசுக்கு ஒரே ஒரு தடவை வாய் திறந்து கேட்டது, அதைக்கூட முழுசாகச் செய்து கொடுக்க முடியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. மதினி புளியோதரையைப் பிரித்து ஒரு கை எனக்கு நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மைனி.”

“சொன்னா நீ வேண்டாம்பே” என்றாள்.

அது உண்மை. ஒரு பையில் போட்டால் போதாதா, எல்லாப் பையிலும் போட வேண்டுமா என்று கேட்டேன். எந்தப் பை உள்ளே போகும், எது வெளியே நிற்கும் என்று யாருக்குத் தெரியும், அதனால்தான் என்றாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நம்ம பிள்ளை படிச்சு இதே இடத்துக்கு வேலைக்கு வரணும்னு வேண்டிக்கிட்டுத்தாம்ட்டி எடுத்தேன். வாசல்லயே புடிச்சுப் போடுவான்னு நான் என்னத்தக் கண்டேன்.”

திட்டுவதற்கு வாய் வரைக்கும் வந்திருந்ததெல்லாம் அப்படியே நின்றது. மகள் மனசில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். யாரும் சொல்லாமலேயே இவள் அதைத்தான் வேண்டியிருக்கிறாள். கோபப்படவும் ஆள் இல்லாமல் போனால் கோபம் எங்கே போகும்? அது எங்கும் போகாமல் என் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

நான் நினைத்ததற்கு ரொம்ப முன்னாலேயே மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். இளநீர்க்காரர் எங்களுக்கு வெட்டிக் கொடுத்த காய்கூட இன்னும் குடித்து முடியவில்லை. உள்ளே எல்லாம் குழாயும் தகரமுமாக இருக்கிறது, நம்ம தறி செட்டில் இல்லாததா என்றார் இவர். ஏ.சி. நன்றாக இருந்தது என்றார் அண்ணாச்சி. மகளைப் பார்த்தேன். கேட்டாயா என்று கண்ணால் கேட்டேன். அவள் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்துவிட்டாள்.

டிரைவர் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, போன் சைலன்டில் கிடந்துவிட்டது என்று வருத்தப்பட்டான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. கடற்கரைக்குப் போனோம்.

அங்கே போனதும் யாருக்கும் அவசரம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த நேரம், கடலைப் பார்த்ததும் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அண்ணாச்சி போனை அணைத்தே வைத்துவிட்டார். மதினி சேலையோடு அலையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். செருப்பு, துண்டு, வாட்ச், போன், சாப்பாட்டுப் பை, எலுமிச்சம்பழம், அந்தப் பொட்டலங்கள் எல்லாம் என்னைச் சுற்றிக் குவிந்தன. வெயில் சாய்கிற வரைக்கும் ஒருவரும் கரைக்கு வருவதாக இல்லை.

மகள் தண்ணீருக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளே பெண்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டேன்.

ஒரு அக்கா இருந்தாளாம். அங்கேயே வேலை பார்க்கிறவளாம். என்ஜின் மாதிரி ஒன்றைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாளாம், தமிழும் பேசினாளாம். கூட்டம் விலகட்டும் என்று என் மகள் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விலகி, அந்த அக்காவே இவளைப் பார்த்துச் சிரித்து, என்னம்மா என்று கேட்டாளாம்.

“நான் வாயெடுக்கதுக்குள்ள அப்பா கையப் புடிச்சு இழுத்துட்டாவ. வெளிய அம்மையும் அத்தையும் வெயில்ல காத்துக்கிட்டு இருக்காவ, சட்டுன்னு பாத்துட்டு வான்னு.”

நான் வெளியே உட்கார்ந்தது அவள் நின்று நிதானமாகக் கேட்கட்டும் என்று. நான் வெளியே உட்கார்ந்ததையே காரணமாக்கி அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன். இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். யார் அவசரப்படச் சொன்னார்கள்? எழுந்து போய் அந்தக் கடலுக்குள் நிற்கிற மனிதரை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால், உனக்காகத்தானே வந்தேன் என்பார். அதையும் மனசாரத்தான் சொல்வார்.

மகள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. பழகிய முகம் அது. எது எடுத்தாலும் சரி என்று துணிக்கடையில் ஒதுங்கி நிற்கிற முகம். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயமாகிவிட்டது. அடுத்த மாதமே வருவோம், நாம் இரண்டு பேர் மட்டும், பஸ்ஸில், யாருக்கும் சொல்லாமல் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அந்த அக்காவை எப்படியாவது தேடிப் பிடித்துக் கேட்டுவிடலாம் என்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்னைச் சுற்றிக் கிடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

“நீ உள்ள வருவியாம்மா? இல்ல, அன்னைக்கும் எதையாவது பாத்துக்கிட்டு வெளிய உக்காந்துக்கிடுவியா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தண்ணீருக்குள்ளிருந்து இவர் கையை உயர்த்தி, பை பத்திரம் என்று எனக்குச் சைகை காட்டினார்.